அந்த 35 நாள்: சேலம், நாமக்கல் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி வைத்திருப்பவர்களுக்கு, திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டி அனுப்புபவர்களுக்கு, பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளை தறி உரிமையாளர்களுக்கு, ஆத்தூர், ராசிபுரம் பக்கத்துச் சேகோ ஆலைக்காரர்களுக்கு, கோழிப்பண்ணை நடத்துபவர்களுக்கு:

இது நன்கொடை கேட்டு வரும் கடிதம் இல்லை. உங்களிடம் வேலை பார்க்கும் ஒருவருக்குத் தொண்டையிலோ நாக்கிலோ கருப்பை வாயிலோ புற்றுநோய் இருப்பது தெரிகிறது. “கரண்டும் கீமோவும் சேர்த்து வைக்கணும்” என்கிறார் மருத்துவர். அடுத்த ஏழெட்டு வாரம் அந்த உடம்புக்குள் என்ன நடக்கிறது, அதில் முதலாளியின் பங்கு எங்கே வருகிறது என்பதைச் சொல்லவே இந்த மடல். கேட்பது நாள்களை மட்டும். தொண்டை, நாக்கு என்றால் வாரத்துக்கு 5 நாள், 7 வாரம், மொத்தம் 35 நாள்.

லீவு கொடுப்பதற்கும் மருத்துவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். நேரடியான சம்பந்தம் இருக்கிறது. இந்தச் சிகிச்சையில் நாள்காட்டியே ஒரு மருந்து. அது ஏன் என்று புரிய, கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் கரண்ட் வைப்பது என்று சொல்லப்படும் கதிர்வீச்சில் மின்சாரம் நோயாளியின் உடம்பில் பாய்வதில்லை. லினியர் ஆக்சிலரேட்டரிலிருந்தோ கோபால்ட் இயந்திரத்திலிருந்தோ வரும் கதிர், கட்டி இருக்கும் இடத்தைக் குறிவைத்து உள்ளே போகிறது. மேசையில் படுத்திருப்பது பத்து, பதினைந்து நிமிடம். வலி இல்லை, சூடு தெரியாது. தலை, கழுத்துப் புற்றுநோய் என்றால் ஒரு நாளைக்கு 2 கிரே (கதிர் அளவின் அலகு) வீதம் 66 முதல் 70 கிரே வரை கொடுக்கிறார்கள். கதிர் செல்லுக்குள் இருக்கும் நீரைச் சிதைக்கிறது. அதில் பிறக்கும் வீரியமான துகள்கள் டி.என்.ஏ. இழையை அறுக்கின்றன. இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்தால் அந்தச் செல் பிழைப்பது கடினம்.

மொத்தத்தையும் ஒரே நாளில் கொடுத்தால் கட்டியோடு சேர்ந்து தொண்டையும் தோலும் வெந்துபோகும். அதனால்தான் துண்டு துண்டாகப் பிரிக்கிறார்கள். நல்ல திசு இரவோடு இரவாகத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். புற்றுச் செல்லுக்கு அந்தத் திறமை குறைவு. ஆனால் அடியோடு இல்லாமல் போய்விடவில்லை. அதிலும் கட்டியின் நடுப்பகுதியில், ரத்தம் சரியாகப் போகாமல் ஆக்சிஜன் குறைந்து கிடக்கும் செல்கள் கதிருக்கு எளிதில் மசிவதில்லை.

இந்த இடத்தில்தான் மருந்து வருகிறது. உங்களுக்குத் தெரிந்த கணக்கிலேயே சொன்னால், நெடுஞ்சாலையில் ஆக்சில் உடைந்து நிற்கும் வண்டி மெக்கானிக் வரும்வரைதான் நிற்கும். சிஸ்பிளாட்டின் என்ற மருந்து அந்த மெக்கானிக்கின் கருவிப்பெட்டியைப் பூட்டிவிடுகிறது. டி.என்.ஏ.வின் பக்கத்துப் பக்கத்துக் கண்ணிகளை ஒன்றோடொன்று பிணைத்து, கதிர் அறுத்ததைச் செல் ஒட்டவைக்க விடாமல் தடுக்கிறது. கதிர் விழும் வட்டத்துக்கு வெளியே ரத்தத்தில் அலையும் ஒன்றிரண்டு செல்களையும் அதே மருந்து தேடிப் பிடிக்கக்கூடும். கதிருக்கு ஒரு எல்லை உண்டு. மருந்துக்கு அந்த எல்லை கிடையாது. இரண்டையும் சேர்ப்பதன் நியாயம் இவ்வளவுதான்.

இந்த யோசனையில் தமிழ்நாட்டுக்குப் பழைய பங்கு ஒன்று உண்டு, அது இங்கே போதுமான அளவுக்குப் பேசப்படவில்லை. 1954-ல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு வந்தவர்களில் வாய்ப்புற்று நோயாளிகள் ஏராளம். கன்னத்தின் உட்புறம் முழுக்கப் புண் பரவி, கத்தி வைக்க இடமில்லாத நிலையில் வந்தவர்கள் அதில் பலர். தனிக் கதிர்வீச்சு அவர்களில் பலருக்குப் போதவில்லை. மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும் 1955-ல் அங்கே சேர்ந்த சாந்தாவும் கதிரோடு வேறு எதையாவது சேர்த்தால் என்ன என்று பார்த்தார்கள். கன்னப் புற்றுக்கு இணைப்புச் சிகிச்சை பற்றிய அவர்களுடைய கட்டுரை 1971-ல் ‘ரேடியாலஜி’ இதழில் வந்தது. பிறகு ஜப்பானில் ஹமாவோ உமெசாவா கண்டுபிடித்த பிளியோமைசினைக் கதிரோடு சேர்த்து வாய்ப்புற்றில் சோதித்து, 1977-லும் 1980-லும் ‘கிளினிக்கல் ரேடியாலஜி’யில் எழுதினார்கள். தனிக் கதிரைவிட இணைப்பு நன்றாக வேலை செய்தது.

உலகம் இந்தக் கதையைப் பெரும்பாலும் டெட்ராய்ட்டிலிருந்து சொல்கிறது. அங்கே நார்மன் நைக்ரோ என்ற அறுவை மருத்துவர் 1974-ல் ஆசனவாய்ப் புற்று உள்ள மூன்று பேரைப் பற்றி எழுதினார். அறுவைக்கு முன் கட்டியைக் கொஞ்சம் சுருக்கலாம் என்றுதான் கதிரையும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார். இருவரை அறுத்துப் பார்த்தபோது கட்டியே இல்லை. மூன்றாமவர் அறுவையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அவருக்கும் நோய் திரும்பவில்லை. இன்றுவரை ஆசனவாய்ப் புற்றுக்கு முதல் சிகிச்சை அந்த இணைப்புதான். டெட்ராய்ட்டை ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் சென்னையில், நம் ஊர் வாய்களை வைத்துக்கொண்டே அந்த வேலை நடந்தது என்பது நாமக்கல்லில் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

சிஸ்பிளாட்டின் பிறந்த விதமும் வேடிக்கையானது. 1965-ல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் என்ற இயற்பியலாளர், மின்புலம் பாக்டீரியாவின் பிரிவை எப்படிப் பாதிக்கிறது என்று பார்த்தார். பாக்டீரியா பிரியாமல் நூலாக நீண்டது. காரணம் மின்சாரம் அல்ல, அவர் பயன்படுத்திய பிளாட்டினம் மின்முனையிலிருந்து கரைந்து வந்த சேர்மம். 1978-ல் அமெரிக்கா அதை மருந்தாக ஒப்புக்கொண்டது. இன்று அது விலை குறைந்த பழைய மருந்து, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசியப் பட்டியலில் இருப்பது. குஜராத்தில் ஒரே ஒரு ஆலை உற்பத்தியை நிறுத்தியதால் 2023-ல் அமெரிக்காவிலேயே அதற்குத் தட்டுப்பாடு வந்தது.

1999 பிப்ரவரியில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் மருத்துவர்களுக்கு ஓர் அவசர அறிவிப்பு அனுப்பியது. கருப்பை வாய்ப் புற்றில் நடந்த ஐந்து ஆய்வுகள், கதிரோடு சிஸ்பிளாட்டின் அடிப்படையிலான மருந்தைச் சேர்த்தால் சாவின் ஆபத்து 30 முதல் 50 சதவீதம் குறைகிறது என்று காட்டியிருந்தன. அது வெளிநாட்டு உடம்பு, வெளிநாட்டுச் சாப்பாடு, நம் பெண்கள் தாங்குவார்களா என்ற கேள்வி இங்கே எழுந்தது. நியாயமான கேள்விதான். மும்பை டாடா நினைவு மருத்துவமனை அதற்கு நேரடியாகப் பதில் தேடியது. நோய் இடுப்புச் சுவர் வரை முற்றிய 850 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கதிர் மட்டும், மறுபாதிக்குக் கதிரோடு வாராவாரம் சிஸ்பிளாட்டின். 2018-ல் வந்த முடிவில், ஐந்து ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் கதிர் மட்டும் பெற்றவர்களில் 46 சதவீதம், மருந்தும் சேர்ந்தவர்களில் 54 சதவீதம்.

தலை, கழுத்துப் புற்றிலும் உலகெங்கும் நடந்த பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், கதிரோடு ஒரே நேரத்தில் மருந்து சேர்த்தால் ஐந்தாண்டுப் பிழைப்பு 6.5 சதவீதப் புள்ளி கூடுகிறது என்றார்கள். வயது ஏற ஏற அந்த லாபம் தேய்கிறது. 70-ஐத் தாண்டியவர்களிடம் அது தெரியவில்லை.

நூற்றுக்கு ஆறு பேர், எட்டுப் பேர். இவ்வளவுதானா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். லோடு கணக்கில் கிலோமீட்டருக்கு 50 பைசா மிச்சமானால் அதன் மதிப்பு உங்களுக்குத் தெரியும். இங்கே மிச்சமாவது ஆள்.

இனிதான் நாள்காட்டி. ரோட்னி விதர்ஸ் என்ற ஆய்வாளரும் அவரது கூட்டாளிகளும் 1988-ல் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்கள். தலை, கழுத்துக் கட்டிகள் கதிர் தொடங்கிய சுமார் நான்கு வாரம் வரை பணிந்து கிடக்கின்றன. அதற்கு மேல் மிஞ்சியிருக்கும் செல்கள் வழக்கத்தைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. அதன் பிறகு சிகிச்சை இழுபடும் ஒவ்வொரு நாளையும் ஈடுகட்டக் கூடுதலாக 0.6 கிரே தேவைப்படும் என்பது அவர்கள் கணக்கு. வேறு ஆய்வுகள் அதையே இன்னொரு விதத்தில் சொல்கின்றன. சிகிச்சை ஒரு நாள் நீண்டால், கட்டி கட்டுக்குள் வரும் வாய்ப்பு சுமார் 1 முதல் 1.4 சதவீதம் குறைகிறது.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஐந்து நாள் விட்டால் 5 முதல் 7 சதவீதம் போகிறது. மருந்து சேர்த்ததால் கிடைத்தது 6.5. ஒன்று கட்டியின் கட்டுப்பாட்டைச் சொல்கிறது, மற்றது பிழைப்பைச் சொல்கிறது, இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை என்பது உண்மை. ஆனாலும் எடை புரியும். ஊசி ஏற்றி, வாந்தி எடுத்து, சிறுநீரகத்தைப் பணயம் வைத்து வாங்கிய லாபத்தை ஒரு வார இடைவெளி கரைத்துவிடக் கூடும். ஒரு வாரம் என்பது எவ்வளவு? சங்ககிரியிலிருந்து வடக்கே போகும் ஒரு நடையில் பாதிகூட இல்லை.

அந்த இடைவெளி எப்படி விழுகிறது என்பதை மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். முதல் இரண்டு வாரம் ஓட்டுநருக்கு ஒன்றும் ஆவதில்லை. நன்றாகச் சாப்பிடுகிறார், பேசுகிறார், நடக்கிறார். அப்போதுதான் போன் வருகிறது. “நல்லாத்தானப்பா இருக்கிற, ஆள் கிடைக்கல, ஒரே ஒரு நடை ஓட்டிட்டு வந்துரு.” படி வாங்கி ஒரு மாதம் ஆகிவிட்டது, வீட்டில் வட்டிக்காரர் வந்துபோகிறார், முதலாளியைப் பகைத்துக்கொள்ளவும் மனமில்லை. போய்விடுகிறார். அழைத்தவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. அவருக்குக் கணக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

மூன்றாம் வாரம் நாக்கில் சுவை போகிறது. வாய்க்குள் தோல் உரிந்து வெள்ளைப் படலம் கட்டுகிறது. நான்காம், ஐந்தாம் வாரத்தில் எச்சில் விழுங்குவதே பெரிய வேலை. மூக்கு வழியே குழாய் போட்டுக் கஞ்சி கொடுக்க வேண்டி வரலாம். எடை குறைந்தால் இன்னொரு சிக்கல். கதிர் இலக்கைவிட்டு விலகாமல் இருக்க அவருக்கென்று முகத்தில் அச்செடுத்த பிளாஸ்டிக் மாஸ்க் தளர்ந்துவிடும். மறுபடி ஸ்கேன், மறுபடி திட்டம், மறுபடி நாள் போகும். அதனால் அந்த வாரங்களில் எடையைக் காப்பது மருத்துவ வேலை. நாமக்கல்லில் இருந்துகொண்டு புரதத்துக்கு என்ன வழி என்று கேட்க வேண்டியதில்லை. வேகவைத்து, காரம் சேர்க்காமல் அடித்த முட்டை, மோரில் கரைத்த ராகிக் கூழ், வேகவைத்து மசித்த பருப்பு எதுவும் குழாயிலும் போகும், தொண்டையிலும் இறங்கும்.

மோசமான நாள்கள் ஏழாம் வாரத்தோடு முடிவதில்லை. கதிர் நின்ற பிறகும் இரண்டு வாரம் வாய்ப்புண் உச்சத்திலேயே இருக்கும். “கரண்டுதான் முடிஞ்சுதே” என்று அடுத்த திங்கட்கிழமை வண்டி ஏறச் சொல்ல முடியாது.

சிஸ்பிளாட்டின் ஏற்றும் நாள் தனி. சிறுநீரகத்தைக் காக்க முன்னும் பின்னும் பாட்டில் பாட்டிலாக உப்புநீர் ஏற்றுவார்கள். ஒவ்வொரு முறைக்கும் முன் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பார்கள். வாராவாரம் குறைந்த அளவா, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெரிய அளவா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே நீண்ட வாதம் நடந்தது. டாடா நினைவு மருத்துவமனையில் 300 பேரிடம் நடந்த ஆய்வு 2018-ல் வந்தது. பெரும்பாலோர் அறுவை முடிந்து கதிருக்கு வந்தவர்கள். உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு என்ற கணக்கில், மூன்று வாரத்துக்கு ஒருமுறை 100 மில்லிகிராம் பெற்றவர்களில் 73.1 சதவீதத்தினருக்கும், வாரம் 30 மில்லிகிராம் பெற்றவர்களில் 58.5 சதவீதத்தினருக்கும் இரண்டாண்டில் நோய் கட்டுக்குள் இருந்தது. பெரிய அளவு பெற்றவர்களுக்குத் தொல்லையும் பெரிதாக இருந்தது. பின்னாளில் ஜப்பானில், அறுவைக்குப் பின் அதே கணக்கில் வாரம் 40 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்து அது பெரிய அளவுக்குக் குறைந்ததில்லை என்றார்கள். எது யாருக்கு என்பது மருத்துவர் முடிவு. முதலாளி தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். சிலருக்கு அந்த நாளில் மருத்துவமனையில் படுக்க வேண்டி வரும்.

ஓட்டுநர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. முதுகுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை. சிஸ்பிளாட்டின் ஓடும் உடம்பில் அது சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. கிளீனரோ மனைவியோ யார் கூட இருந்தாலும் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும். சிறுநீரகமோ காதோ முன்பே பழுதாகி, சிஸ்பிளாட்டின் தாங்காது என்றாலும் கதவு மூடிவிடவில்லை. அப்படிப்பட்ட 356 பேரிடம் டாடா மருத்துவர்கள் கதிரோடு வாரம் ஒருமுறை சிறிய அளவு டோசிடாக்சல் சேர்த்துப் பார்த்தார்கள். 2023-ல் வெளியான அந்த ஆய்வில், இரண்டாண்டு நோய் தலைகாட்டாமல் இருந்தவர்கள் 30.3 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாகக் கூடினார்கள்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் ஆண்களைப் பற்றி. மரவள்ளிக் கிழங்கு தோல் உரிக்கும் பெண்களையும், தார் சுற்றும் பெண்களையும், நூற்பாலைப் பெண்களையும் பற்றி மடலில் பாதி எழுதலாம். ஆனால் அவர்கள் கதையில் பெரும்பகுதி சொல்லப்படாமலே போகிறது. வெள்ளைப்படுதல், உறவுக்குப் பின் ரத்தம் என்று மேஸ்திரியிடம் எந்தப் பெண் சொல்வாள்? “உடம்பு சரியில்லை” என்று இரண்டு நாள் லீவு கேட்பாள், மூன்றாம் நாள் வந்து நிற்பாள். கருப்பை வாய்ப் புற்றுக்கு வெளிக்கதிர் சுமார் 25 நாள், அதோடு வாராவாரம் மருந்து, பிறகு உள்கதிர்வீச்சு. எல்லாமாகச் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். அதில் ரத்தசோகை குறுக்கே வரும். ஹீமோகுளோபின் குறைந்தால் கட்டிக்குள் ஆக்சிஜன் குறையும், கதிரின் வீரியமும் குறையும். அதனால் 10-க்குக் கீழே இறங்கினால் ரத்தம் ஏற்றிவிட்டுத் தொடர்வது வழக்கம். ஆலையிலிருந்து இரண்டு பேர் ரத்தம் கொடுக்கப் போனால் அது நன்கொடை வசூலைவிடப் பெரிய உதவி.

அந்த எட்டு வாரமும் இனி நீளலாம். இந்தியாவும் பங்கேற்ற இன்டர்லேஸ் என்ற ஆய்வு 2024-ல் ‘லான்செட்’டில் வந்தது. வழக்கமான இணைப்புச் சிகிச்சைக்கு முன் ஆறு வாரம் இரண்டு மருந்துகளை வாராவாரம் கொடுத்தால், ஐந்தாண்டுப் பிழைப்பு 72-லிருந்து 80 சதவீதமாகிறது என்று அது காட்டியது. மருத்துவம் முன்னேறினால் நாள் குறையும் என்பது நம் எதிர்பார்ப்பு. இங்கே முன்னேற்றம் கூடுதல் நாள் கேட்கிறது.

பணத்துக்கு வருவோம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிருக்கும் கீமோவுக்கும் இடமுண்டு. ஆனால் அது மருத்துவமனைக்குப் போகும் பணம். பரமத்தி வேலூரிலிருந்து சேலத்துக்கோ ஈரோட்டுக்கோ தினமும் போய்வரும் செலவையும், கூட வருபவரின் கூலி இழப்பையும், ஓட்டாத வண்டியின் படியையும் அது தராது. பெண்களுக்கு 2021 மே முதல் டவுன் பஸ் இலவசம் என்றாலும், நாமக்கல்லிலிருந்து சேலம் 50 கிலோமீட்டருக்கு மேல். டவுன் பஸ் அவ்வளவு தூரம் போவதில்லை. பத்து நிமிடக் கதிருக்குப் பாதி நாள் பயணம். சிகிச்சை பாதியில் நிற்கப் பல வீடுகளில் இந்தப் பயணமே காரணமாகிவிடுகிறது.

இதில் சம்பள இழப்புக்கு உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது, அதன் பெயர் இ.எஸ்.ஐ. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதச் சம்பளம் 21,000 வரை வாங்குபவருக்கு முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்ட வேண்டும். நோய்க்காலத்தில் சம்பளத்தில் 70 சதவீதம் 91 நாள் வரை கிடைக்கும். புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, இரண்டாண்டு தொடர்ந்து காப்பீட்டில் இருந்தவருக்கு, 80 சதவீதம் வரை இரண்டாண்டு கிடைக்க வழியிருக்கிறது. அந்தத் தொகை வாங்கும் காலத்தில் அவரை வேலையிலிருந்து நீக்கவும் சட்டம் அனுமதிப்பதில்லை. இவ்வளவு இருந்தும், 9 பேர் என்று காட்டுவதற்காகத் தறிக் கொட்டகையை இரண்டு பெயரில் பிரித்து வைப்பவர்கள் உண்டு. மாதம் சில ஆயிரம் மிச்சம். அந்த மிச்சத்தின் விலை என்னவென்று தெரியவருவது ஆறாம் வாரத்தில்.

இரண்டு லாரி, மூன்று லாரி வைத்திருப்பவர் இ.எஸ்.ஐ. வளையத்துக்குள் வரமாட்டார். அவர் தனியாக ஏழு வாரச் சம்பளம் கொடுக்கவும் முடியாது. டீசல், டோல், எஃப்.சி., டயர் என்று அவருக்கும் கழுத்துவரை கடன் இருக்கிறது. அங்கேதான் சங்கம் வர வேண்டும். 2025 மார்ச்சில் டெண்டர் விதிகளை எதிர்த்துத் தென்மண்டலம் முழுக்க எல்.பி.ஜி. டேங்கர் லாரிகளை நிறுத்திக் காட்டிய உரிமையாளர் சங்கம் நாமக்கல்லில்தான் இருக்கிறது. வண்டிகளை நிறுத்தத் தெரிந்த இந்த ஊருக்கு ஒரு ஓட்டுநரை 35 நாள் நிறுத்திவைப்பது பெரிய காரியமில்லை. சேலம் பெரியாஸ்பத்திரி பக்கத்தில் சங்கம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து நான்கு கட்டிலும் ஒரு அடுப்பும் போட்டால், தினப் பயணம் என்ற பிரச்சினை பலருக்குத் தீர்ந்துவிடும். மாற்று ஓட்டுநர் பட்டியல் ஒன்றைச் சங்கமே வைத்திருந்தால் “ஆள் கிடைக்கல” என்ற போனும் போகாது.

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை, ஐப்பசியில் தீபாவளி, தையில் பொங்கல் என்று விடுமுறை வரத்தான் செய்யும், இயந்திரமும் சில நாள் பழுதாகும். தவிர்க்க முடியாமல் ஒரு நாள் போனால் நோயாளி அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சனிக்கிழமை வரச் சொல்லியோ, ஆறு மணி நேர இடைவெளி விட்டு ஒரே நாளில் இரண்டு முறை வைத்தோ மருத்துவர்கள் ஈடுசெய்ய முயல்வார்கள். சொல்லாமல் விட்ட நாளுக்கு ஈடு கிடையாது.

வேலைக்குத் திரும்பும் ஓட்டுநரிடம் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். சிஸ்பிளாட்டின் காதில் இரைச்சலைக் கொண்டுவரும், கீச்சென்ற ஒலிகளைக் கேட்கும் திறனைக் குறைக்கும். கை, கால் விரல்களில் மரத்துப்போன உணர்வும் வரலாம். பின்னால் வரும் ஹாரன் கேட்காதவரும், கிளச் மிதி காலில் தெரியாதவரும் 16 டன் ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாயில் இறங்கக் கூடாது. செவித்திறன் சோதனை செய்து, மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகே ஸ்டியரிங். அதுவரை ஷெட்டிலோ, அலுவலகத்தில் பில் போடும் இடத்திலோ அவருக்கு வேலை இருக்கும். தேடினால் கிடைக்கும்.

புகையிலையைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை மடிக்க முடியாது. குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தமிழ்நாட்டில் 2013-லேயே தடை வந்தது. தூக்கம் வராமல் இருக்க உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைக்கும் பொட்டலம் இன்னும் லாரிப் பேட்டைகளில் கிடைக்கிறது. ரிக் வண்டியில் மாதக்கணக்கில் வெளி மாநிலத்தில் இருப்பவர்களுக்கு அது இன்னும் சுலபம். கதிர் நடக்கும்போதும் அதை விடாதவர்களுக்குச் சிகிச்சையின் பலன் குறைகிறது, புண் ஆறவும் நாளாகிறது. உங்கள் பேட்டையில், உங்கள் இடத்தில் வாடகைக்கு இருக்கும் பெட்டிக்கடையில் அது தொங்குகிறதா என்று பார்க்க உங்களுக்கு யாருடைய ஆணையும் தேவையில்லை.

லோடு ஏற்றும் முன் டயரைத் தட்டிப் பார்க்கிறீர்கள், ஆயில் பார்க்கிறீர்கள். அப்போதே ஓட்டுநரையும் வாயைத் திறக்கச் சொல்லுங்கள். அவருடைய மூன்று விரலைச் செங்குத்தாக வைத்தால் பல் நடுவே நுழைய வேண்டும். நுழையவில்லை என்றாலோ, மூன்று வாரமாக ஆறாத புண் இருந்தாலோ, கன்னத்தில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தாலோ, குரல் கம்மிப்போய் திரும்பவில்லை என்றாலோ, அந்த நடைக்கு வேறு ஆளை அனுப்பிவிட்டு அவரைச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ஆரம்ப நிலையில் போனால் பலருக்கு அறுவையோடே முடிந்துவிடும். இந்த 35 நாள், சிஸ்பிளாட்டின், மூக்குக் குழாய் எதுவும் தேவைப்படாமலே அவர் வண்டிக்குத் திரும்பிவிடலாம்.